சுவரைப் பார்த்து நிற்பவள்

அத்தியாயம் 9

துமார் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணியிலிருந்து அந்தப் பெண் சல்கினின் அறையில், நாற்காலியின் நுனியில், முழங்கால்கள் இரண்டையும் ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. தலையில் கட்டிய வெள்ளை ரிப்பன் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்யக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் கொதிகலன் அறையில், நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் இவள் சுருண்டு கிடந்ததைக் கரி அள்ளும் பெண்மணிதான் கண்டுபிடித்தாள். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறாள். யாருக்குப் பயந்து ஒளிந்தாள் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

இந்த மாதிரி விஷயங்களைக் கண்டுபிடிப்பதுதான் சல்கினின் வேலை. பனிமலைகளுக்கு நடுவிலிருக்கும் நாரின் ஊரின் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். கடைசி எட்டு வருடம் பிள்ளைகளின் ஒழுக்கத்தையும் வளர்ப்பையும் கவனிக்கும் துணைத் தலைமையாசிரியை. அதற்குத் தகுந்த மாதிரி அவள் வீடும் ஊருக்கே உதாரணமாக இருந்தது. கணவன் எசென்பெக் சீன எல்லைக் கணவாய் வழியாக லாரி ஓட்டுபவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். இரண்டு பெண்களையும் அவள் தனியாளாகத்தான் வளர்த்தாள். மூத்தவள் பெகிமாய் பத்தாம் வகுப்பு, பள்ளி மாணவர் தலைவி. சின்னவள் ஐபெரி இரண்டாம் வகுப்பு.

வருகிற வியாழக்கிழமை தலைநகர் பிஷ்கெக்கில் பெகிமாய்க்குக் கடைசி நேர்முகத் தேர்வு. தேறினால் ஒரு வருடம் வெளிநாட்டில் படிப்பு. நாரின் பக்கமிருந்து அவள் ஒருத்திதான்.

"யாராவது அடிச்சாங்களா கண்ணு?"

தலை இல்லையென்று ஆடியது.

"உங்க அத்தை? நீ தங்கியிருக்கிற வீட்டுல?"

"இல்லை டீச்சர். அத்தை நல்லவங்க."

"கணக்கு சார் கத்தினாரா?"

"இல்லை."

"பின்ன எதுக்கும்மா அந்தக் கரிக்குள்ள போய் உக்காந்தே?"

சல்கின் ஒரு கிண்ணத்தில் டீயை ஊற்றி, இரண்டு போர்சோக் பணியாரங்களையும் தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டால் பேசுவாள். மேய்ச்சல்காரர்களின் பிள்ளைகள் அப்படித்தான், வயிறு சூடானால் வாய் திறக்கும்.

துமார் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். கிண்ணம் சரிந்தது. டீ மேஜை மேல் கொட்டி, காகிதங்களை நனைத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது.

"பரவாயில்லை, விடு," என்று சல்கின் துணியை எடுத்தாள்.

அதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். மேஜையிலிருந்த தடிமனான வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சுவரிடம் போனாள். ஒரு கை தூரத்தில் சுவரைப் பார்த்து நின்று, கைகளை முன்னால் நீட்டி, உள்ளங்கைகளின் மேல் பதிவேட்டை வைத்துக்கொண்டாள்.

"நான் செய்த தப்பு, டீயைச் சிந்தினது. நான் செய்த தப்பு, டீயைச் சிந்தினது. நான் செய்த தப்பு, டீயைச் சிந்தினது. நன்றி. இப்போ எனக்குப் புரியுது."

சல்கினின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. டீ மேஜை விளிம்பிலிருந்து அவள் பூட்ஸ் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வார்த்தைகள் உலகத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. அவற்றை உண்டாக்கியவளே அவள்தான்.

பத்து வருடத்துக்கு முன்னால், ஆறு வயதுப் பெகிமாய் பாலை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டுக் குடித்துவிட்டேன் என்று பொய் சொன்ன அன்று. சல்கினின் அப்பா பெல்ட்டால் அடிக்கிற மனிதர். தன் பிள்ளைகள் மேல் கை வைப்பதில்லை என்று அவள் கல்யாணத்துக்கு முன்பே சபதம் எடுத்திருந்தாள். அதனால் யோசித்து யோசித்து இதைக் கண்டுபிடித்தாள். சுவர், புத்தகம், மூன்று முறை தப்பைச் சொல்வது, கடைசியில் நன்றி. அக்டோபர் மாதப் பெற்றோர் கூட்டத்தில், அடிக்காமல் வளர்த்ததைப் பெருமையாகவும் சொன்னாள். "என் பொண்ணை நான் ஒரு தடவைகூட அடிச்சதில்லை. அதனாலதான் அவ இப்படி வந்திருக்கா." எல்லோரும் கைதட்டினார்கள்.

"துமார், கையைக் கீழ இறக்கு."

"இன்னும் நேரம் ஆகலை டீச்சர்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு தப்புக்கு நாலு நிமிஷம்."

சல்கினின் வீட்டில் அது இரண்டு நிமிடமாக இருந்தது.

அவளே போய்ப் பதிவேட்டை எடுத்தாள். பிள்ளையின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கட்டைபோல விறைத்துப்போயிருந்தன.

"யாரு உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாங்க?"

"சொல்லக்கூடாது டீச்சர். சொன்னா எல்லாம் முதல்லேர்ந்து."

சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. செப்டம்பர் குளிர் தொடங்கியபோதே, கிராமத்திலிருந்து வந்து சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூத்த மாணவிகள் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தது சல்கின்தான். அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுத்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கதவு தட்டாமலேயே திறந்தது. தலைமையாசிரியர் ரிஸ்பெக் பெகிமாயின் சிபாரிசுக் கடிதத்தை விசிறிபோல ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க ஒண்ணு போட்டா முடிஞ்சுது. பொண்ணு உங்களோடதா இருந்தாலும் பதவின்னு ஒண்ணு இருக்கில்ல, ரெண்டு கையெழுத்து கேக்குறாங்க." காகிதத்தை ஈரமில்லாத மூலையில் வைத்தார். அதன் நடுவில் தட்டச்சு எழுத்தில் ஒரு வரி: இளைய மாணவர்களிடம் பரிவும் பொறுமையும் கொண்டவர்.

"அப்புறம், இவளோட அம்மா வந்திருக்காங்க. நீங்க சொல்லி அனுப்பினீங்களாமே."

அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணின் கன்னங்கள் குளிர்காற்றில் வெடித்துச் சிவந்திருந்தன. சோனுன். குளிர்கால மேய்ச்சல் நிலத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பியிருக்க வேண்டும், கோட்டில் ஆட்டு வாசனை இருந்தது. கையில் துணி சுற்றிய ஒரு கண்ணாடி ஜாடி.

"இவ ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டாளா டீச்சர்?"

"இல்லை. அவ ஒண்ணும் பண்ணலை."

"அப்பாடா," என்று சோனுன் சிரித்தாள். "கூப்பிட்டுவிட்டாங்கன்னதும் பயந்துட்டேன். ஆனா நானே வரணும்னுதான் இருந்தேன். உங்க பொண்ணு பெகிமாய்தானே இவளுக்குச் சொல்லித்தருது? ரெண்டைத் தவிர வேற மார்க்கே பாக்காத கழுதை இது. இப்போ அஞ்சுக்கு அஞ்சு வாங்குது. அதான் கொஞ்சம் பாலாடை எடுத்துக்கிட்டு வந்தேன். அந்தப் பொண்ணுக்குக் குடுங்க."

சல்கின் ஜாடியை வாங்கிக்கொண்டாள். கை தானாக நீண்டுவிட்டது.

"வீட்டுக்கு வந்தா சிரிக்கவே மாட்டேங்குது, அது ஒண்ணுதான்," என்றாள் சோனுன். "முன்னெல்லாம் ஆட்டுக்குட்டிங்களோட சேந்து கத்திக்கிட்டுத் திரியும். இவங்கப்பா சொல்றாரு, டவுன்ல படிச்சா அப்படித்தான், பெரியமனுஷத்தனம் வந்துடும்னு."

"நீங்க துமாரோட வெளியில கொஞ்சம் காத்திருங்க," என்றாள் சல்கின். அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "நான் வந்துடறேன். போயிடாதீங்க."

இரண்டாம் மாடியில் கடைசி வகுப்பறை. இடைவேளை நேரம். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெகிமாய் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று மூன்று சிறுமிகளுக்குப் பின்னக் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பின்னிய கூந்தல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. குரல் மென்மையாக, பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி விட்டு வந்தது. சல்கினின் குரல் அது. அச்சாக அவளுடைய குரல்.

அவள் உள்ளே போனதும் சிறுமிகள் மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பெகிமாய் தலையை அசைத்தாள். "நன்றி அக்கா," என்று மூவரும் சேர்ந்து சொல்லிவிட்டு வரிசையாக வெளியேறினார்கள்.

"துமாரை நீ நிக்க வெச்சியா?"

"ஆமாம்மா." கொஞ்சமும் தயக்கமில்லை. "சனிக்கிழமைப் பரீட்சையில மூணு கணக்கைத் தப்பாப் போட்டா. மூணு தப்பு, பன்னிரண்டு நிமிஷம். நிக்காம ஓடிட்டா."

"கரிக்குள்ள ஒளிஞ்சிருக்கா பெகிமாய். அந்தப் புகையில, மூணு மணி நேரம்."

"அது அவ தப்புதானேம்மா. பன்னிரண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"அவளுக்குப் பதினொரு வயசு."

"எனக்கு ஆறு."

பெகிமாய் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கில் விடை சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்கிற மாதிரி, "நான் யாரையும் ஒரு தடவைகூட அடிச்சதில்லைம்மா," என்றாள்.

சல்கின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உனக்கு அப்போ வலிச்சுதா?"

பத்து வருடத்தில் இதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"முதல்ல தோள் வலிக்கும். அப்புறம் மரத்துப்போயிடும். அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியாதும்மா. யாரு என்ன சொன்னாலும் உள்ள வராது. அந்த இடத்துக்குப் போயிட்டா நல்லாத்தான் இருக்கும்." அவள் சட்டையில் சாக்குத்தூள் படாமல் பலகையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "துமாருக்கு இன்னும் அந்த இடம் வரலை. அதான் அழறா. வந்துடும். மத்தவங்களுக்கெல்லாம் வந்துடுச்சு."

"மத்தவங்களா?"

பெகிமாய் பையிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்துக் கொடுத்தாள். மறைக்கிற எண்ணமே அவளிடம் இல்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய தாளை நீட்டுகிற முகம் அது. "பாருங்கம்மா. யாரு எங்க ஆரம்பிச்சாங்க, இப்போ எங்க இருக்காங்கன்னு எல்லாம் இருக்கு."

பக்கத்துக்கு ஒரு பெயர். பெயருக்குக் கீழே தேதி, தப்பு, நிமிடம், மார்க். முத்துமுத்தான கையெழுத்து. சல்கின் கடைசியிலிருந்து புரட்டினாள். துமார். அதற்கு முன்னால் இன்னொருத்தி. அதற்கும் முன்னால் இன்னொருத்தி. பதினொரு பெண்கள். எல்லோரையும் அவளுக்குத் தெரியும், எல்லோருடைய அம்மாக்களையும் தெரியும். இந்த வருடம் ஒழுக்கம் எவ்வளவோ முன்னேறிவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்தாளே, அது இவர்களைப் பற்றித்தான்.

முதல் பக்கத்துக்கு வந்தாள். தேதி இரண்டு குளிர்காலத்துக்கு முந்தையது.

ஐபெரி.

கொஞ்ச நேரம் அந்த எழுத்துகள் எழுத்துகளாகவே இருந்தன. பிறகு பெயராயின.

"நம்ம ஐபெரியா?"

"நீங்க கூட்டமெல்லாம் முடிஞ்சு வர ஏழு மணி ஆகும். அப்பா லாரியில. யாராவது பாத்துக்கணுமில்ல? முதல்ல அவளுக்குத்தான் செஞ்சு பாத்தேன். அவ சீக்கிரம் கத்துக்கிட்டா." பெகிமாய் மெல்லச் சிரித்தாள். "நீங்கதானேம்மா எல்லார்கிட்டயும் சொல்றீங்க, சின்னவ பெரியவளைவிடச் சமத்து, அவளை ஒருநாள்கூட நிக்க வெக்கலைன்னு."

சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டில், சந்தையில், போன வாரம்கூட எசென்பெக்கிடம் போனில். சத்தமே போடாத பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தானாகக் கழுவி வைக்கும். பிறவிக் குணம் என்று நினைத்திருந்தாள்.

மணி அடித்தது. சல்கின் நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படிக்கட்டில் வணக்கம் சொன்ன பிள்ளைகளின் முகங்களைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

சோனுன் இரும்பு வாசலுக்குப் பக்கத்தில் பாப்ளார் மரத்தடியில் நின்றிருந்தாள். துமாரைத் தன் கோட்டுக்குள் இழுத்துச் சுற்றியிருந்தாள்.

"சோனுன், உங்க பொண்ணைக் கொடுமைப்படுத்தினது என் மக. அவளுக்கு அதைக் கத்துக்கொடுத்தது நான்."

சோனுனின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. "என்ன டீச்சர் சொல்றீங்க? பாடம் சொல்லிக்கொடுத்த பொண்ணைப் போய்..."

சல்கின் எல்லாவற்றையும் சொன்னாள். சுவரை, புத்தகத்தை, நாலு நிமிடத்தை, நன்றியை. ஒன்றையும் குறைக்கவில்லை. கேட்கக் கேட்கச் சோனுன் மகளைத் திருப்பி நிறுத்தினாள். கோட்டுக் கையை மேலே தள்ளினாள், ஒரு கை, பிறகு மறு கை. முதுகுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையே டீச்சர். ஒரு கோடுகூட இல்லையே."

"இருக்காது. தழும்பு விழக்கூடாதுன்னுதான் நான் அதைக் கண்டுபிடிச்சேன்."

சோனுன் சட்டையை இழுத்துவிட்டாள். அவள் மூச்சு வெள்ளையாக வந்து வந்து போனது. பிறகு மகளின் கையைப் பிடித்தாள். "வாடி. வீட்டுக்குப் போலாம்."

துமார் காலை ஊன்றிக்கொண்டு பின்னுக்கு இழுத்தாள்.

"வரமாட்டேம்மா."

"என்னடி சொல்றே?"

"பன்னிரண்டு நிமிஷம் பாக்கி இருக்கும்மா. நாளைக்கு ஆச்சுன்னா இருபத்திநாலு ஆயிடும். நான் நின்னு முடிச்சிட்டு வந்துடறேன். நீ இங்கயே இரு." அழவில்லை. கெஞ்சவில்லை. அம்மாவுக்குப் புரியவைக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

சோனுன் பனியிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். மகளின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு சல்கினை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ டீச்சர். எங்க ஆளுங்கல்லாம் சொன்னாங்க, பொட்டப்புள்ளையை எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்புறே, ஆடு மேய்க்கட்டும்னு. நான்தான் சண்டை போட்டு அனுப்பினேன். இவ உங்களை மாதிரி ஆகணும்னு."

அவள் துமாரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பதினொரு வயதுப் பெண்ணின் கால்கள் அவள் முழங்கால்வரை தொங்கின. அப்படியே வாசலைத் தாண்டி மினி பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலாகத் துமார்தான் பள்ளிக்கூடத்து ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு போனாள்.

ரிஸ்பெக் தாழ்வாரத்தில் வழிமறித்தார். சல்கின் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்கம்மா. நம்ம பள்ளிக்கூடத்துலேர்ந்து முதல் தடவையா ஒரு பிள்ளை போகுது. வந்தப்புறம் கூப்பிட்டு வெச்சுப் பேசிக்கலாம். பிள்ளைங்க விளையாட்டுன்னு..."

"பதினொரு பிள்ளைங்க சார். என் சின்னப் பொண்ணோட சேத்துப் பன்னிரண்டு."

அவர் வழியை விட்டு விலகினார்.

அறைக்குள் டீ காய்ந்து மேஜையில் பழுப்பாகப் படிந்திருந்தது. சல்கின் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் புகார்ப் படிவத்தை எடுத்தாள். எட்டு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்காக நிரப்பியிருக்கிறாள், பேனா நின்றதில்லை. இன்று ஒவ்வொரு கட்டத்திலும் நின்றது. காரணமானவர் என்ற இடத்தில் முதலில் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே மகளின் பெயரை எழுதினாள்.

இரண்டரை மணிக்குப் பெகிமாய் வந்தாள்.

"அம்மா, அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டாச்சா? இன்னிக்கே அனுப்பணும்."

"போடலை. போடப்போறதும் இல்லை."

பெகிமாய் மேஜையிலிருந்த படிவத்தைத் தலைகீழாகவே வாசித்தாள். ஒருமுறை வாசித்துவிட்டு இன்னொரு முறை வாசித்தாள்.

"வியாழக்கிழமை?"

"நீ போகமாட்டே."

பத்து வருடமாகச் சல்கின் பார்த்துப் பழகிய அந்த அமைதியான முகம் அப்போதுதான் கலைந்தது. உதடு கோணியது. மோவாய் நடுங்கியது. திடீரென்று அவளுக்குப் பதினாறு வயதுகூட இருக்காது போலிருந்தது.

"அப்போ நான் இவ்வளவு வருஷம் எதுக்கும்மா நின்னேன்?"

சல்கின் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு மகளிடம் போனாள், அணைத்துக்கொள்ள. பெகிமாய் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். இன்னோர் அடி. பிறகு திரும்பி வெளியே போய்விட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள், வளர்த்தபடியே.

சல்கின் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாழ்வாரத்தில் சின்ன வகுப்புகளுக்கான மணி அடித்தது. தினமும் இந்த மணி அடித்ததும் பெகிமாய்தான் கீழே போய்த் தங்கையை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

அது மண்டையில் ஏறியதும் அவள் ஓடினாள்.

கீழ்த்தளத்துக் கோட்டு அறையில் பிள்ளைகள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐபெரியின் கொக்கியில் கோட்டு இல்லை.

"ஐபெரி எங்கே?"

கோட்டு அறைக்காரப் பெண்மணி பின்னிக்கொண்டிருந்த காலுறையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"இப்பத்தான் பெரியது வந்து கூட்டிக்கிட்டுப் போச்சு. சின்னதுக்கு இன்னிக்கு என்ன டீச்சர் ஆச்சு? எப்பவும் வாயே திறக்காது. இன்னிக்கு அக்கா முகத்தைப் பாத்ததும் இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னுச்சு. பெரியது ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்துக் கூட்டிக்கிட்டுப் போச்சு."

"வீட்டுப் பக்கமா?"

"இல்லையே," என்றாள் அவள், ஜன்னலை எட்டிப் பார்த்தபடி. "ஆத்துப் பக்கமாப் போச்சுங்க ரெண்டும்."